களவுக்குள் ஒரு களவு: போர்க்கால உளவுக் காதல் நாவல் என்றால் என்ன?

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இடப்பட்டிருக்கிறது. 71ஆவது அதிகாரம் பொருட்பாலில் வருகிறது. அரசனின் முகத்தைப் பார்த்தே அவன் உள்ளத்தை அறிந்துகொள்ள வேண்டியவர்களைப் பற்றி அது பேசுகிறது. 110ஆவது அதிகாரம் காமத்துப்பாலில், களவியலில் வருகிறது. அங்கே ஒரு தலைவன் தலைவியின் பார்வையையும் புன்னகையையும் கொண்டு அவள் மனத்தைப் படிக்க முயல்கிறான். அரசவைக்கும் காதலுக்கும் தேவைப்படும் திறமை ஒன்றே என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்ட நூல் நம்மிடம் இருப்பதால், போர்க்கால உளவுக் காதல் நாவல் என்ற வகையைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது அவ்வளவு கடினமான வேலை அன்று. சொல்லாததைக் கேட்கவும், காட்டாததைப் பார்க்கவும் பழகிய இருவர், அந்தப் பழக்கமே தங்களுக்கிடையே சுவராக நிற்பதைக் காணும் கதைதான் இந்த வகை.

பெயரிலேயே மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. முதலாவது, அது வரலாற்றுப் புனைவாக இருக்க வேண்டும். நிகழ்ச்சிகள் நடந்து குறைந்தது 50 ஆண்டுகளாவது கழிந்த பின் எழுதப்பட்டதையே வரலாற்று நாவல் என்று கொள்வது ஆங்கில உலகில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். இரண்டாவது, அது காதல் நாவலாக இருக்க வேண்டும். காதல் கதையின் ஓரத்தில் அல்லாமல் நடுவில் நிற்க வேண்டும், முடிவு வாசகருக்கு நம்பிக்கை தருவதாக இருக்க வேண்டும் என்பதை அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் தன் வரையறையாகவே வைத்திருந்தது. மூன்றாவது, போரும் உளவும் கதையின் பின்னணித் திரையாக மட்டும் தொங்காமல், கதையை நகர்த்தும் விசையாக இயங்க வேண்டும். முதலிரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றிவிட்டு மூன்றாவதில் தவறும் நாவல்கள் ஏராளம். அவற்றில் நாயகியின் தொழிலை உளவிலிருந்து தையலுக்கு மாற்றினாலும் கதையில் ஒன்றும் கெட்டுவிடாது.

உளவும் காதலும் சேர்ந்தாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர், 1917 அக்டோபர் 15 அன்று பிரெஞ்சுப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்ட நடனக்காரி மாத்தா ஹரி. அழகைக் காட்டி ரகசியத்தைக் கறக்கும் மாயக்காரி என்ற பிம்பம் அவரால்தான் உலகெங்கும் பரவியது. அவருக்கு எதிரான சான்றுகள் எவ்வளவு பலவீனமானவை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிய பிறகும் அந்தப் பிம்பம் மறையவில்லை. ஆனால் நாம் பேசும் நாவல் வகை அந்த மாயக்காரியின் கதை அன்று. அங்கே காதல் ஒரு கருவி, உண்மை அன்று. இங்கே காதல் உண்மை. அதைச் சுற்றியுள்ள பெயர், ஊர், தொழில், சில நேரங்களில் கையில் உள்ள மோதிரம் உட்பட மற்ற யாவும்தான் பொய்.

எந்தக் காதல் கதைக்கும் ஒரு தடை தேவை. தலைவனும் தலைவியும் சந்தித்து, விரும்பி, மணந்துகொண்டால் மூன்று பக்கத்தில் கதை முடிந்துவிடும். நாம் பழகிய கதைகளில் சாதி, சொத்து, மாமன் மகன், அப்பாவின் பிடிவாதம் எனத் தடைகள் வெளியிலிருந்து வரும். உளவுக் காதல் நாவலில் தடை காதலருக்கு உள்ளேயே இருக்கிறது: உண்மையைச் சொல்ல முடியாது. தொழில் ‘சொல்லாதே’ என்கிறது, காதல் ‘சொல்’ என்கிறது. சொன்னால் மற்றவர்களின் உயிர் போகலாம், சொல்லாவிட்டால் உறவு போகலாம். இந்த வகையில் நன்றாக எழுதப்பட்ட நாவல் எதை எடுத்துக்கொண்டாலும், சொல்வது துரோகமா, சொல்லாமலிருப்பது துரோகமா என்று பாத்திரத்துக்கே புரியாத ஒரு கணத்தை நோக்கித்தான் அதன் கதை நகர்ந்துகொண்டிருக்கும். அகத்திணை மரபில் மணத்துக்கு முந்தைய மறைவான காதலுக்குக் ‘களவு’ என்று பெயர். இந்த நாவல்களில் ஒரு களவுக்குள் இன்னொரு களவு இருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர், நெப்போலியன் காலத்துப் போர்கள், முதல் உலகப்போர் எல்லாவற்றையும் வைத்து இத்தகைய நாவல்கள் வந்திருக்கின்றன. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் இவ்வகை எழுத்தாளர்கள் மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்ற களங்களில் முதன்மையானது, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த பிரான்ஸ். அதற்குக் காரணமான அமைப்பைத் தெரிந்துகொண்டால் இந்த வகையின் பாதி விதிகள் தாமே விளங்கிவிடும். 1940 ஜூலையில், பிரான்ஸ் வீழ்ந்த சில வாரங்களில், சிறப்பு நடவடிக்கை நிர்வாகம் என்ற ரகசிய அமைப்பைப் பிரிட்டன் தொடங்கியது. எஸ்.ஓ.இ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இதன் தலைமையகம் லண்டன் பேக்கர் தெருவில் இருந்தது. எதிரி நாட்டுக்குள் ஆட்களை இறக்கி, பாலங்களையும் ரயில் பாதைகளையும் தகர்த்து, உள்ளூர் எதிர்ப்புக் குழுக்களுக்கு ஆயுதம் கொடுப்பதே அதன் வேலை. பிரான்சைக் கவனித்த எஃப் பிரிவு 39 பெண்களை அங்கே அனுப்பியது. அவர்களில் 13 பேர் திரும்பி வரவில்லை.

போர்முனைக்கு அருகே பெண்களை அனுப்பத் தயங்கிய காலத்தில் இவர்களை ஏன் அனுப்பினார்கள் என்ற கேள்விக்கு நடைமுறை சார்ந்த ஒரு விடை இருக்கிறது. 1943 பிப்ரவரியில், பிரெஞ்சு இளைஞர்கள் ஜெர்மனிக்குச் சென்று கட்டாய வேலை செய்ய வேண்டும் என்ற சட்டம் வந்தது. அதன்பின் பட்டப்பகலில் தெருவில் நடந்துபோகும் இளைஞன் ஒவ்வொருவனும், ஏன் இங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. சைக்கிள் கூடையில் காய்கறியோடு போகும் பெண்ணை அந்த அளவுக்கு யாரும் நிறுத்தவில்லை. எனவே ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் வேலை பெண்களிடம் சென்றது. கம்பியில்லாத் தந்திக் கருவியை இயக்கும் வேலைக்கும் அவர்கள் வந்தார்கள். தலைவர், செய்தி கொண்டுசெல்பவர், தந்தி இயக்குபவர் என்ற மூவரே ஒரு குழுவின் உயிர்நாடி. நாவல்களில் வரும் காதலர்கள் பெரும்பாலும் இந்த மூவரில் இருவராக இருப்பது தற்செயல் அன்று. ஒருவரையொருவர் அடிக்கடி சந்திக்க ஒரு காரணமும், சந்திக்கக் கூடாது என்பதற்கு ஒன்பது காரணங்களும் உள்ளவர்கள் அவர்கள்தாம்.

புறப்படும் முன் லண்டனில் அவர்களின் உடைகள் பிரெஞ்சு முறையில் தைக்கப்பட்டன. சட்டைப் பைகளில் ஆங்கிலேய பஸ் டிக்கெட்டோ ரயில் டிக்கெட்டோ தங்கிவிட்டதா என்று எஃப் பிரிவின் அதிகாரி வேரா அட்கின்ஸ் கடைசி நேரம் வரை தேடிப் பார்ப்பார். புதிய பெயர், புதிய பிறந்த ஊர், புதிய அப்பா அம்மா, போலி அடையாள அட்டை, போலி ரேஷன் அட்டை எல்லாம் கொடுக்கப்படும். பால் அருகிப்போன காலத்தில் காபிக் கடையில் ‘பால் இல்லாமல் கொடுங்கள்’ என்று கேட்பதே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளூர்க்காரர் எவரும் அப்படிக் கேட்கமாட்டார், ஏனென்றால் எல்லாக் காபியும் பால் இல்லாத காபிதான். இத்தகைய நுணுக்கங்களை அலங்காரமாக அடுக்குபவர் சாதாரண நாவலாசிரியர். அடுத்த மேசையில் இருக்கும் இளைஞன் அந்தப் பிழையைக் கவனித்தான், கவனித்தும் எழுந்து போகாமல் தன் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான் என்று எழுதுபவர், இந்த வகையைப் புரிந்துகொண்டவர்.

எஸ்.ஓ.இ.யின் வரலாற்றில், காதல் நாவலுக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போன்ற ஒரு நடைமுறை உண்டு. அதுதான் கவிதைச் சங்கேதம். காட்டிக்கொடுக்கக்கூடிய எந்தச் சங்கேதப் புத்தகத்தையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்பதால், ஒவ்வொருவரும் ஒரு கவிதையை மனப்பாடம் செய்துகொள்வார். அந்தக் கவிதையே பூட்டும் சாவியும். எப்படி என்பதைத் தமிழிலேயே செய்து பார்க்கலாம். கவிதையிலிருந்து ‘மலர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள எழுத்துகளுக்கு அகரவரிசைப்படி எண் கொடுத்தால் ம 1, ர் 2, ல 3 என்றாகும். சொல்லில் நிற்கும் வரிசைப்படி பார்த்தால் 1, 3, 2. இப்போது ‘நாளை இரவு வா’ என்ற செய்தியை மூன்று பத்திகளாக, முதல் வரியில் நா, ளை, இ என்றும் இரண்டாம் வரியில் ர, வு, வா என்றும் எழுதி, பத்திகளை எண் வரிசைப்படி மேலிருந்து கீழாகப் படித்தால் ‘நார இவா ளைவு’ என்று வரும். உண்மையான முறையில் கவிதையிலிருந்து ஐந்து சொற்களைப் போல எடுத்து, நீண்ட எண் வரிசையை உருவாக்கி, இந்தக் கலைப்பை இரண்டு முறை செய்வார்கள். எந்தச் சொற்கள் எடுக்கப்பட்டன என்பதைச் செய்தியிலேயே ஒரு சிறு குறியாகச் சேர்ப்பார்கள். லண்டனில் அதே கவிதையை வைத்திருப்பவர் மட்டுமே அதைத் திரும்ப அடுக்க முடியும்.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஆட்கள் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் பள்ளியில் படித்த புகழ்பெற்ற கவிதைகள். எதிரியின் சங்கேத வல்லுநர் ஒரு செய்தியைக் கலைத்து நாலைந்து சொற்களைக் கண்டுபிடித்துவிட்டால், கவிதைத் தொகுப்பு ஒன்றைப் புரட்டி முழுக் கவிதையையும் எடுத்துவிடலாம். அதன்பின் அந்த ஆளின் பழைய செய்திகள், வரப்போகும் செய்திகள் எல்லாமே திறந்த புத்தகம். எஸ்.ஓ.இ.யின் சங்கேதப் பிரிவுத் தலைவராக இருந்த லியோ மார்க்ஸ், பழைய புத்தகங்கள் விற்கும் ஒரு கடைக்காரரின் மகன். இருபது வயதைச் சற்றே கடந்தவர். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கவிதைகளை அவரே எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். அப்படிக் கொடுத்தவற்றில் ஒன்று, அவர் காதலித்த பெண் 1943-இல் கனடாவில் விமான விபத்தில் இறந்தபின் அவளுக்காக எழுதிய சிறு கவிதை. என் வாழ்வு முழுதும் உன்னுடையது என்ற பொருளில் மிக எளிய சொற்களால் ஆனது.

1944 மார்ச்சில் அந்தக் கவிதையை மார்க்ஸ் வயலெட் சாபோ என்ற 22 வயதுப் பெண்ணிடம் கொடுத்தார். பிரெஞ்சுத் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிறந்த வயலெட், 1940 ஜூலையில் லண்டனில் எத்தியென் சாபோ என்ற பிரெஞ்சுப் படைவீரரைச் சந்தித்து, அடுத்த மாதமே அவரை மணந்தவர். 1942 அக்டோபரில் எல் அலமெய்ன் போரில் எத்தியென் இறந்தார். நான்கு மாதக் குழந்தையாக இருந்த மகளை அவர் பார்த்ததே இல்லை. ஒருவன் தன் இறந்த காதலிக்கு எழுதியதை, இறந்த கணவனை நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தி மனப்பாடம் செய்தாள். அந்தச் சொற்களை எண்களாக மாற்றி, வெடிமருந்துக்கும் ஆட்களுக்கும் உரிய செய்திகளைப் பூட்டினாள். வயலெட் 1944 ஜூன் 10 அன்று தன் இரண்டாம் பயணத்தில் பிடிபட்டார். 1945இன் தொடக்கத்தில் ராவன்ஸ்புரூக் என்ற நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். அவருக்கு வழங்கப்பட்ட ‘ஜார்ஜ் சிலுவை’ என்ற பிரிட்டிஷ் வீர விருதை அவருடைய சிறு மகள் வாங்கிக்கொண்டாள். கவிதையை எழுதியவர் யார், யாருக்காக என்பது பல ஆண்டுகள் வெளியில் தெரியாமலே இருந்தது. நாவலாசிரியர் ஒருவர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், சற்று மிகையாக இருக்கிறது என்று பதிப்பாசிரியர் வெட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மார்க்ஸ் அதோடு நிற்கவில்லை. நினைவில் இருக்கும் எதையும் சித்திரவதை செய்து வாங்கிவிட முடியும் என்பதால், ஒவ்வொரு செய்திக்கும் தனிச் சாவியைப் பட்டுத் துணியில் அச்சிட்டுக் கொடுத்தார்; பயன்படுத்தியதும் அந்த வரியை வெட்டி எரித்துவிட வேண்டும். ஆள் விரும்பினாலும் பழைய சாவியைச் சொல்ல முடியாது. இதைவிட நாவலுக்கு நெருக்கமானது ‘பாதுகாப்புச் சோதனை’ என்ற ஏற்பாடு. செய்தியில் குறிப்பிட்ட இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்ய வேண்டும். பிழை இருந்தால் நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்று பொருள். பிழையே இல்லாமல் செய்தி வந்தால், என் தலைக்குப் பின்னால் துப்பாக்கி இருக்கிறது என்று பொருள். வேதனை என்னவென்றால், இந்த அடையாளம் இல்லாமல் வந்த செய்திகளை லண்டன் அலுவலகம் பலமுறை நம்பியது. பாரிஸில் பிடிபட்ட ஒரு தந்தி இயக்குபவரின் பெயரில் ஜெர்மானியர்கள் அனுப்பிய செய்திக்கு, சோதனைக் குறியை மறந்துவிட்டாய், இனிக் கவனமாக இரு என்று லண்டனிலிருந்து கண்டிப்பு வந்தது. ஜெர்மானியர்களுக்கே அதன்பின்தான் அப்படி ஒரு குறி இருப்பது தெளிவாயிற்று.

இதை ஒரு நாவலாசிரியர் கையில் கொடுத்துப் பாருங்கள். கடிதத்தில் எப்போதும் ஒரு சொல்லைத் தவறாக எழுதும் பழக்கமுள்ள ஒருத்தி. அந்தத் தவறைக் கேலி செய்தே அவளைக் காதலித்த ஒருவன். ஒருநாள் பிழையற்ற கடிதம் வருகிறது. அலுவலகம் அதை நம்புகிறது, அவன் நம்பவில்லை. அவனிடம் சான்று எதுவும் இல்லை. அவளைத் தெரியும் என்பது மட்டுமே உண்டு. காதலர் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் அறிவு இங்கே உளவுத்துறையின் அறிவைவிட நம்பத்தக்கதாகிறது. காதலும் உளவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நாவல் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதேபோல எழுத்தாளர்களுக்குக் கைகொடுக்கும் இன்னொரு விதி 48 மணி நேரம். பிடிபட்டவர் முதல் இரண்டு நாள்களுக்காவது வாய் திறக்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அதற்குள் மற்றவர்கள் வீடு மாற்றி, பெயர் மாற்றி, தப்பிவிட வேண்டும். காதலி பிடிபட்ட செய்தி கேட்டதும் காதலன் செய்ய வேண்டிய சரியான செயல் அவளைத் தேடி ஓடுவது அன்று. அவள் வாங்கித் தரும் அந்த 48 மணி நேரத்தை வீணாக்காமல் எதிர்த் திசையில் போவது. நம் கதைகளில் வீரன் திரும்பி ஓடிவந்து காப்பாற்றுவான். இங்கே அவன் திரும்பிப் பார்க்காமல் நடப்பதே அவள்மீது வைத்த நம்பிக்கையின் அடையாளம். இந்தத் தலைகீழ் விதி பிடிபடாத வாசகருக்கு இவ்வகை நாவல்களின் நாயகர்கள் சில இடங்களில் கல்நெஞ்சர்களாகத் தெரியக்கூடும்.

நிலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. காதல் கதைகளில் நிலவு வருவது வழக்கம்தான். ஆனால் இங்கே அது கால அட்டவணை. பிரெஞ்சு வயல்களில் ரகசியமாக இறங்கிய லைசாண்டர் என்ற சிறு விமானங்களுக்கு வழிகாட்ட நிலவொளியைத் தவிர வேறு விளக்கு இல்லாததால், முழுநிலவுக்கு முன்னும் பின்னுமான சில இரவுகளில்தான் அவை பறந்தன. வயலில் ஆங்கில எல் எழுத்தின் வடிவில் மூன்று கைவிளக்குகள் எரியும். விமானம் சில நிமிடங்கள் மட்டுமே தரையில் நிற்கும். வருபவர் இறங்க, போகிறவர் ஏற வேண்டும். எனவே பிரிவும் சந்திப்பும் மாதத்துக்கு ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டி மட்டுமே நிகழும். அமாவாசையன்று லைசாண்டர் வந்து காதலியை இறக்கிவிடும் நாவலை நான் பாதியில் மூடிவைத்துவிடுவேன். ஆசிரியர் தன் உலகத்தின் கடிகாரத்தையே பார்க்கவில்லை என்று பொருள்.

செய்தி வந்து சேரும் வழிகளிலும் கவிதை குறுக்கிட்டது. பி.பி.சி.யின் பிரெஞ்சு ஒலிபரப்பில், செய்திகளுக்கு அப்பால் ‘தனிப்பட்ட செய்திகள்’ என்று பொருளற்ற வாக்கியங்கள் வாசிக்கப்படும். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு குழுவுக்கு மட்டும் புரியும் கட்டளை. 1944 ஜூன் 1 அன்று, இலையுதிர்காலத்து வயலின்களின் நீண்ட விம்மலைப் பற்றிய பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனின் கவிதை வரிகள் வாசிக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியான, நெஞ்சைக் காயப்படுத்தும் வரிகள் ஜூன் 5 இரவில் வந்தன. நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கப் போகின்றன, ரயில் பாதைகளைத் தகர்க்கத் தொடங்குங்கள் என்பது அதன் பொருள்.

இனி ஓர் உண்மைக் கதை. அது நாவல் வகைக்கு எவ்வளவு அருகில் வருகிறது, எங்கே விலகுகிறது என்பதைப் பார்த்தால் வகையின் எல்லை தெளிவாகும். மூன்று பெண் குழந்தைகளின் தாயான ஓடெட் சான்சம், 1942 நவம்பரில் படகு வழியாகத் தென்பிரான்சில் இறங்கி, பீட்டர் சர்ச்சில் என்பவரின் குழுவில் செய்தி கொண்டுசெல்பவராகச் சேர்ந்தார். 1943 ஏப்ரலில், அன்னெசி ஏரிக்கரையில் இருந்த ஒரு கிராமத்து விடுதியில் இருவரும் பிடிபட்டார்கள். விசாரணையில் ஓடெட் இரண்டு பொய்கள் சொன்னார்: பீட்டர் என் கணவர், அவர் பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் நெருங்கிய உறவினர். பெயர் ஒற்றுமையைத் தவிர இரண்டாவதில் உண்மையே இல்லை. ஆனால் ஜெர்மானியர்கள் அதை நம்பினார்கள். பேரம் பேசப் பயன்படக்கூடிய கைதிகள் என்ற எண்ணம் இருவரின் உயிரையும் காத்தது. போர் முடியும் தறுவாயில் ராவன்ஸ்புரூக் முகாமின் தலைவனே ஓடெட்டைத் தன் காரில் ஏற்றி அமெரிக்கப் படைகளிடம் கொண்டுபோய் விட்டான், அவளால் தனக்குச் சலுகை கிடைக்கும் என்ற நப்பாசையில்.

1947இல் ஓடெட்டும் பீட்டரும் உண்மையிலேயே மணந்துகொண்டார்கள். விசாரணை அறையில் சொன்ன பொய் திருமணப் பதிவேட்டில் மெய்யானது என்ற இடத்தில் நாவல் தன் கடைசிப் பக்கத்தை எழுதிவிடும். வாழ்க்கை தொடர்ந்தது. 1950களின் நடுப்பகுதியில் அவர்கள் மணவிலக்குப் பெற்றார்கள். ஓடெட் இன்னொருவரை மணந்தார். அவருடைய போர்க்காலக் கதையின் சில பகுதிகளைப் பற்றிச் சர்ச்சைகளும் எழுந்தன. கதை முடியும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் காதல் நாவலின் உண்மையான கைவேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முடிவுதான் இந்த வகையின் ஆழமான சிக்கல். காதல் நாவல் நம்பிக்கையான முடிவைக் கேட்கிறது. வரலாறோ 39 பேரில் 13 பேரைத் திருப்பித் தரவில்லை. நூர் இனாயத் கானை நினைத்துக்கொள்ளுங்கள். பரோடாவிலிருந்து சென்ற சூஃபி இசைக்கலைஞரின் மகள், திப்பு சுல்தானின் வழிவந்தவர், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதியவர். 1943 ஜூனில் ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சுக்கு எஸ்.ஓ.இ. அனுப்பிய முதல் பெண் தந்தி இயக்குபவர். சுற்றியிருந்த குழு அடுத்தடுத்துப் பிடிபட்டபோது திரும்பி வர மறுத்து, மாதக்கணக்கில் இடம் மாற்றி மாற்றிச் செய்தி அனுப்பினார். 1944 செப்டம்பரில் டாஹாவ் முகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். இத்தகைய வாழ்க்கைக்கு ஒரு காதல் முடிவைப் பொருத்துவது பிழைதிருத்தம் செய்வது போலாகாது. அது அவருடைய மறுப்பையே அழிப்பதாகும்.

ஆகவே எழுத்தாளர்கள் சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உண்மை மனிதர்களை ஓரத்தில் நிறுத்தி, கற்பனைக் காதலர்களை நடுவில் வைப்பது ஒன்று. இரட்டைக் காலம் இன்னொன்று: 1943இல் ஒரு ஜோடி, நம் காலத்தில் பரணில் பெட்டியைத் திறக்கும் பேத்தி, முதல் காதல் முறிந்தாலும் இரண்டாவது கைகூடும். இது இப்போது அளவுக்கு மீறித் தேய்ந்துவிட்டது என்பது என் கருத்து. ஆனால் அதற்கு வலுவான வரலாற்று அடிப்படை உண்டு. போர் முடிந்தபின் வேரா அட்கின்ஸ் ஜெர்மனிக்குச் சென்று, காணாமற்போன நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு என்ன நேர்ந்தது என்று முகாம் காவலர்களையும் கைதிகளையும் விசாரித்து, ஏறத்தாழ எல்லோருடைய முடிவையும் கண்டறிந்தார். சங்கேதம் உடைக்கும் பிளெட்ச்லி பூங்காவில் வேலை செய்தவர்களோ, 1974இல் அந்த ரகசியம் வெளியாகும் வரை சொந்தக் கணவரிடமும் மனைவியிடமும் கூட அதைச் சொல்லாமல் வாழ்ந்தார்கள். முப்பது ஆண்டு ஒரே சமையலறையில் இருந்தும் தெரியாத ஒன்று இருந்தது என்பது பேத்தியின் பெட்டியைவிட எனக்குச் சுவையான கதைப்பொருள்.

தொடக்க வாசகர் ஒன்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிறைப்பட்டவளுக்கும் அவளை விசாரிக்கும் நாஜி அதிகாரிக்கும் இடையே காதல் மலர்வதாக எழுதப்பட்ட நாவல்களும் இந்த அலமாரியில் இருக்கின்றன. பகைவனும் மனிதன்தான் என்று காட்டுவது ஒன்று; மறுக்கும் உரிமையே இல்லாத ஒருத்தியின் அச்சத்தைக் காதல் என்று பெயரிட்டு விற்பது வேறு. சொல்லலாமா கூடாதா என்று தேர்ந்தெடுக்க இருவருக்கும் இடம் இருந்தால்தான் ரகசியம் ஒரு காதல் தடையாக இயங்கும்.

நம்பிக்கையான முடிவு வரலாற்றுக்கு அறவே புறம்பானது என்றும் எண்ண வேண்டாம். பேர்ல் விதரிங்டன் 1943 செப்டம்பரில் பாராசூட்டில் பிரான்சில் குதித்தார். போர்க்கைதி முகாமிலிருந்து தப்பியிருந்த அவருடைய காதலர் ஆன்ரி கோர்னியோலேயும் அங்கே அவருடன் சேர்ந்துகொண்டார். 1944 மே மாதத்தில் குழுத் தலைவர் பிடிபட்டதும் பேர்ல் தாமே ஒரு குழுவை ஏற்று நடத்தினார். ஜூனில் ஜெர்மானியர்கள் தாக்கியபோது கோதுமை வயலுக்குள் மணிக்கணக்கில் படுத்திருந்து தப்பினார். அந்த ஆண்டு அக்டோபரில் லண்டனில் இருவருக்கும் திருமணம் நடந்தது. போருக்குப் பின் குடிமக்களுக்கான பதக்கம் ஒன்று அவருக்கு வழங்கப்பட்டபோது, தாம் செய்ததில் குடிமக்கள் வேலை எதுவும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். இன்னொன்றும் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. பாராசூட் வீரர்களுக்கான சிறகுச் சின்னம் பெற ஐந்து முறை குதித்திருக்க வேண்டும். பெண்களுக்குப் பயிற்சியில் மூன்று, களத்தில் ஒன்று என நான்கே முறைதான் வாய்த்தது. அந்தச் சின்னம் அவர் கைக்கு வந்தது 2006இல், 92 வயதைத் தொடும்போது. ஆன்ரி அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்.